டான்ஸ்ஹால்: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'டான்ஸ் ஹால்' என்று இரு சொற்களாகப் பிரித்து எழுதினால், கட்டணம் செலுத்தி உள்ளே சென்று ஆடும் பொதுக்கூடம் என்றே பொருள். ஜமைக்காவில் இச்சொல் அந்தப் பொருளிலிருந்து வெகுதூரம் விலகி வந்துவிட்டது. 1950களில் கிங்ஸ்டன் நகரில் டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்றோர் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் திறந்தவெளி முற்றங்களில் அடுக்கி, அமெரிக்க இசைத்தட்டுகளை இரவு முழுவதும் ஒலிக்கவிட்டனர். 'சவுண்ட் சிஸ்டம்' என்பது கருவிகளை மட்டுமன்றி, அவற்றை இயக்கிய குழுவையும் குறித்தது. நேரடி இசைக்குழுக்கள் வாசித்த விடுதிகளுக்குச் செல்ல வசதியில்லாத உழைப்பாளி மக்கள் கூடி ஆடிய அந்த இடங்களில் பலவற்றுக்குக் கூரை இல்லை. ஆயினும் பெயர் 'டான்ஸ்ஹால்' என்றே நிலைத்தது. பிறகு 1970களின் இறுதியில், அவ்விடத்திற்கென்றே உருவான ஓர் இசைவகைக்கும் அதுவே பெயராயிற்று.

அந்த இசையைப் பாடுபவரைக் குறிக்கும் சொல்லும் நம்மைக் குழப்பக்கூடியதே. நம் ஊர்த் திருமண மண்டபத்தில் 'டீஜே' என்றால் பாட்டுப் போடுபவர். ஜமைக்காவில் அந்த வேலையைச் செய்பவர் 'செலக்டர்'; ஒலிவாங்கியைப் பிடித்து, குரலில்லாத இசைத்தடத்தின் மேல் தாளத்தோடு பேசியும் பாடியும் கூட்டத்தை ஆட வைப்பவரே 'டீஜே'. தட்டுகளுக்கு இடையே அறிவிப்புச் செய்தவர்களின் வாய்ச்சாலம் வளர்ந்து தனிக்கலையாகிவிட்டதால் நேர்ந்த பொருள்மாற்றம் இது. 1970இல் யூ-ராய் என்ற டீஜே இக்கலையை இசைத்தட்டில் பதிந்து பெருவெற்றி பெற்ற பின், அறிவிப்பாளர் பாடகருக்கு நிகரானார்.

டான்ஸ்ஹால் என்ற சொல்லின் முழுப்பொருளையும் ஒருவர் வாழ்க்கையிலேயே காண வேண்டுமென்றால், என் கணிப்பில் அது 'யெல்லோமேன்' ('மஞ்சள் மனிதன்') என்ற டீஜேயுடையதுதான். வின்ஸ்டன் ஃபாஸ்டர் என்ற இயற்பெயருடைய அவர் பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவர். அக்குறைபாட்டை ஏளனமாகப் பார்த்த கிங்ஸ்டனில், ஆதரவற்றோர் இல்லங்களில் வளர்ந்தார். ஏளனப் பெயரையே மேடைப்பெயராக்கிக் கொண்டு, 1979இல் 'டேஸ்டீ' திறமைப் போட்டியின் வழியாகக் கவனம் பெற்றார். பிறகு 'ஏசஸ்' சவுண்ட் சிஸ்டத்தில் இரவுதோறும் பாடிப் புகழடைந்தார். தன் தோற்றத்தையே வைத்துத் தன்னைப் பெண்களின் மனங்கவர்ந்தவனாக அவர் பாடியதைக் கூட்டம் முதலில் சிரித்துக் கேட்டது. பின்னர் நம்பியே விட்டது. அவருடைய வரிகளில் கொச்சை மிகுதி என்பதை மறுக்க இயலாது. ஜமைக்கர்கள் அதை 'ஸ்லாக்னெஸ்' என்றனர். ஜமைக்காவின் ரெகே இசைக்கு உலகப்புகழ் தேடித்தந்த பாடகர் பாப் மார்லி 1981இல் மறைந்த பின், அவ்விசையின் ஆன்மிகக் குரல் இவ்வாறு சரிந்ததே என்று வருந்தியவர்கள் உண்டு. எனினும் அவரைக் கொச்சையோடு முடித்துவிடுவது, அவருடைய தாளக் கட்டுப்பாட்டையும் நையாண்டியையும் கேளாதவர் சொல்லும் தீர்ப்பு.

ஹென்றி 'ஜுன்ஜோ' லாஸ் தயாரித்த, யெல்லோமேனின் புகழ்பெற்ற 'ஸங்குஸங்குகுஸங்குஸெங்' பாட்டு, 1967இல் ஆல்டன் எல்லிஸ் பாடிய ஒரு பாட்டின் இசைத்தடத்தைப் புதிதாக வாசித்து அமைக்கப்பட்டது. ஒரே தடத்தின் மேல் பலர் பாடும் இந்த வழக்கத்தில், தடத்தின் பெயர் 'ரிடிம்'. புகழின் உச்சியிலேயே புற்றுநோய் கண்டு, 1986இல் தாடையில் பெரிய அறுவை நிகழ்ந்து, முகத்தின் ஒரு பகுதி உருமாறிய பின்னும் அவர் மேடைக்குத் திரும்பினார். பிற்காலத்தில் சமூகப் பொருளிலும் பக்தியிலும் கூடுதலாகப் பாடினார். 2018இல் ஜமைக்க அரசு அவருக்கு 'ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன்' விருதளித்தது.

தமிழில் 'டான்ஸ்ஹால்' என்பதை 'நடனக்கூடம்' என்று பெயர்ப்பது தவறு. 'கூடம்' என்ற சொல், அங்கே இல்லாத கூரையைக் கொண்டுவருகிறது. 'நடனம்' என்றதும் நமக்குச் சபா மேடை நினைவுக்கு வருகிறது. நிகழிடத்தின் பெயரால் கலையை அழைப்பது நமக்குப் புதிதன்று; தெருக்கூத்து அவ்வாறு பெயர் பெற்றதே. அந்த வழியில் 'ஆடுகளம்' பொருந்தும். குறுந்தொகையில் ஆதிமந்தி தன்னை 'ஆடுகள மகள்' என்று சொல்லும்போது, மள்ளர், அதாவது வீரர், கூடும் விழாவையும் மகளிர் தழுவியாடும் துணங்கையையும் சேர்த்தே சொல்கிறாள். மக்கள் திரண்டு ஆடும் இடம் என்ற பொருள் அச்சொல்லில் அன்றே உண்டு. இன்று விளையாட்டுச் செய்திகள் அதைக் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டாலும், 'ஆடுகள இசை' என்று எழுதினால் மயக்கம் நேராது. இடத்தை 'ஆடுகளம்' என்றும், இசைவகையை முதல் முறை 'டான்ஸ்ஹால் எனும் ஆடுகள இசை' என்றும் குறிக்கலாம். 'டீஜே' என்பதற்கு மட்டும் 'பாடகர்' போதாது. அச்சொல்லை அப்படியே வைத்து, 'தாளத்தோடு பேசிப் பாடுபவர்' என்று ஒருமுறை விளக்கிவிடுவதே நல்லது.