சத்துணவு முட்டை: மஞ்சள் கருவில்தான் கொழுப்பு, அதுதான் வேண்டும்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு வாரம் 5 முட்டை உண்டு. 1-ஆம் வகுப்பு முதல் 10-ஆம் வகுப்பு வரை, திங்கள் தொடங்கி வெள்ளி வரை நாளுக்கு ஒன்று. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, 2010-இல் இந்த அளவுக்கு வந்தது. அங்கன்வாடியில் 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வாரம் 3 முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் மதிய உணவு விதியில் முட்டை கட்டாயமில்லை, இது மாநிலம் எடுத்த முடிவு.

முட்டை என்றதும் புரதம் என்போம். சரிதான், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆனால் சோறும் சாம்பாரும் உள்ள தட்டில் அதைவிடக் குறைவாக இருப்பது கொழுப்பு. மத்திய விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஒதுக்கியிருக்கும் எண்ணெய் 5 கிராம். 50 கிராம் எடையுள்ள முட்டையில் கொழுப்பும் ஏறக்குறைய அதே 5 கிராம்தான். அதாவது, தாளிக்க ஊற்றும் எண்ணெய்க்குச் சமமான கொழுப்பு அந்த ஒரு முட்டையிலேயே வந்துவிடுகிறது.

அந்த 5 கிராமும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது, வெள்ளைக்கருவில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். மஞ்சள் கருவில் உள்ள கொழுப்பில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் நிறைவுற்ற கொழுப்பு (அளவோடு சாப்பிட வேண்டிய வகை). மீதியில் பெரும்பங்கு நிறைவுறாதது, நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உள்ள ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமே அதில் அதிகம். மஞ்சள் கருக் கொழுப்பில் கால் பங்குக்கும் மேல் பாஸ்போலிப்பிட் (உடல் செல்களின் உறையில் இருக்கும் கொழுப்பு) வகை. மூளைக்கும் நரம்புக்கும் தேவையான கோலின் இந்த வகையோடு சேர்ந்தே கிடைக்கிறது. வைட்டமின் ஏ, டி, ஈ மூன்றும் கொழுப்பில் கரைபவை, அவையும் மஞ்சள் கருவில்தான். இன்னொரு லாபமும் உண்டு: கீரை, கேரட்டில் உள்ள கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து) உடம்பில் சேரக் கொழுப்பு துணை வேண்டும். முட்டையோடு காய்கறி சாப்பிட்டால் அது கூடுதலாகச் சேரும்.

அதனால்தான், வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பல நேரம் காரணம் ருசி இல்லை. மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை வளையம் தெரியும், பிள்ளை அதைக் கெட்டுப்போனது என்று நினைத்துவிடும். கெட்டதில்லை. ரொம்ப நேரம் வேகும்போது வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து அந்த நிறம் வருகிறது, சாப்பிடலாம். வெந்ததும் குளிர்ந்த நீரில் போட்டால் வளையம் குறையும். உரிக்கும்போதே நாற்றமடித்தால் அது வேறு விஷயம், சாப்பிடக் கூடாது, மாற்று முட்டை கேட்க வேண்டும்.

கொலஸ்ட்ரால்? ஒரு முட்டையில் 185 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அதுவும் மஞ்சளில்தான். ஆரோக்கியமான பிள்ளைக்கு நாளுக்கு ஒரு முட்டை பயப்பட வேண்டிய விஷயமில்லை. குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருந்தாலோ, பிள்ளைக்கு முட்டை ஒவ்வாமை இருந்தாலோ டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முட்டை வரவில்லை, பாதியாக வெட்டிக் கொடுக்கிறார்கள் என்றால் முதலில் சத்துணவு அமைப்பாளரிடமும் தலைமையாசிரியரிடமும் கேளுங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம், அதற்கு மேல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம். மனுவில் பள்ளியின் பெயர், முட்டை கிடைக்காத தேதிகள் இரண்டையும் எழுதுங்கள், விசாரிப்பவர்கள் பதிவேட்டோடு ஒப்பிட அது போதும்.