சுளுக்கு ஆறின கால் ஏன் மறுபடி மறுபடி பிசகுது?

கணுக்கால் சுளுக்கினா வீக்கம் வத்தினதும் சரியாயிடுச்சுன்னு விட்டுடுறோம், ஆனா சிலருக்கு அதுக்கப்புறம் ரோட்ல சின்ன கல்லை மிதிச்சாலே பாதம் உள்பக்கமா மடங்கிடும், எக்ஸ்ரே எடுத்தா எலும்பு நல்லாத்தான் இருக்கும்.

1965-ல ஃப்ரீமேன்ங்கிற பிரிட்டிஷ் டாக்டரும் அவர் கூட்டாளிங்களும் இதுக்கு ஒரு விளக்கம் சொன்னாங்க. கணுக்கால் ஜவ்வுல நரம்பு முனைகள் இருக்கு, பாதம் எப்படி சாஞ்சிருக்குன்னு அதுதான் தகவல் அனுப்புது, ஜவ்வு கிழியறப்போ அதுவும் சேர்ந்து போயிடுது, அதான் பேலன்ஸ் கெடுதுன்னாங்க. நல்ல யோசனைதான், ஆனா முழுசா சரியில்ல. பின்னாடி கணுக்காலுக்கு மரத்துப்போற ஊசி போட்டு சோதிச்சப்போ கூட, பாதம் மடங்கறப்போ தசை தானாவே இறுகற ரிஃப்ளெக்ஸ் தாமதமாகல. ஏன்னா அந்த ரிஃப்ளெக்ஸை கிளப்புறதுல பெரிய பங்கு தசைக்குள்ளயே இருக்கிற ஸ்பிண்டில்ங்கிற உணர்விகளுக்கு, தசை சட்டுனு இழுபட்டா அது உடனே தண்டுவடத்துக்கு சொல்லிடும்.

முழங்காலுக்கு கீழ வெளிப்பக்கமா ஓடுற பெரோனியல் தசைதான் மடங்கற பாதத்தை வெளிய இழுத்து காப்பாத்தணும். பாதம் மடங்க ஆரம்பிச்சதுல இருந்து அந்த தசை முழிச்சுக்கவே ஏறக்குறைய 60-லிருந்து 80 மில்லிசெகண்ட் ஆகுது, அப்புறம் அது இறுகி பலம் காட்ட இன்னும் கொஞ்சம் நேரம் வேணும், ஆனா ஓடுறப்போ கால் பிசகறது 100 மில்லிசெகண்டுக்குள்ளயே முடிஞ்சுடலாம். அதாவது ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கிறவங்களுக்கே அது லேட்டாத்தான் வருது!

அப்போ நம்மள காப்பாத்துறது எது? பாதம் தரைய தொடறதுக்கு முன்னாடியே மூளை அந்த தசைய ஓரளவு இறுக்கி, பாதத்தை சரியான கோணத்துல வெச்சிடுது. எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப முக்கியமா படறது இதுதான். அடிக்கடி பிசகறவங்களுக்கு இந்த முன்னேற்பாடுதான் மாறிப்போகுது, கால் எடுத்து வைக்கிறப்போவே பாதம் லேசா உள்பக்கம் சாஞ்சு வருது, வெளி ஓரம் தரையில இடிக்குது. இடுப்பு தசைங்க வேலை செய்யற விதம் கூட மாறுது. நிக்கறப்போ கண்ணை அதிகமா நம்புறாங்க, அதனால கண்ணை மூடி ஒத்தக்கால்ல நிக்க சொன்னா நிறைய பேர் தடுமாறிடுவாங்க.

இதை வெறும் கிரேப் பேண்டேஜும் ரெஸ்ட்டும் மாத்தாது, தயவுசெஞ்சு அதோட நிறுத்திடாதீங்க. வலி குறைஞ்சதும் பிசியோகிட்ட கேட்டு சுவர் பக்கத்துல ஒத்தக்கால்ல நிக்கிறது, அப்புறம் ஆடுற பலகை மேல நிக்கிறதுன்னு வாரக்கணக்கா பழகணும், மறுபடி சுளுக்கறத இது குறைக்குதுன்னு விளையாட்டு வீரர்கள்கிட்ட செஞ்ச ஆய்வுகள் காட்டியிருக்கு. அடிபட்ட உடனே நாலு அடி கூட எடுத்து வைக்க முடியலன்னாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினா வலிச்சாலோ முதல்ல எக்ஸ்ரே.