விமர்சகரின் நோட்டும் வக்கீல் நோட்டீஸும்

சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து ஒன்றிரண்டு மாதம் ஆனதும் வக்கீலான என் அலுவலகத்துக்கு ஒரு வகைக் கட்சிக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். பகலில் வங்கியிலோ ஐ.டி. கம்பெனியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை, ராத்திரியில் புத்தகம் என்று இருப்பவர்கள். படித்ததைப் பற்றி வலைப்பூவிலும் ஃபேஸ்புக்கிலும் எழுதுவார்கள், இன்ஸ்டாகிராமில் அட்டைப் படம் போடுவார்கள், சிலர் யூடியூபில் பேசுவார்கள். கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ் இருக்கும், இல்லாவிட்டால் சேனலுக்கு விழுந்த காப்புரிமை ஸ்ட்ரைக்கின் (புகாரின் பேரில் யூடியூப் தரும் எச்சரிக்கை) ஸ்கிரீன்ஷாட். "சார், புத்தகம் நல்லா இல்லைன்னு சொன்னதுக்கெல்லாம் கேஸ் போடுவாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

போடலாம். நிற்குமா என்பதுதான் விஷயம். அதற்குப் பதில் பாதி பதிவில் இருக்கிறது, மீதிப் பாதி அந்தப் பதிவு எழுதுவதற்கு முன் வீட்டில் நடந்ததில் இருக்கிறது. புத்தகம் எப்படி வந்தது, கடைசிப் பக்கம் வரை படித்தீர்களா, குறிப்பு எடுத்தீர்களா, எழுத்தாளரோடு என்ன மெசேஜ் போனது, வந்தது? இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் நான் பதிவையே படிப்பேன். இந்தத் திரைமறைவுப் பழக்கங்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லி வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உதாரணங்களில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி 1977-ல் தொடங்கிய புத்தகக் காட்சிதான் இன்றும் தமிழ்ப் பதிப்புலகத்தின் காலண்டர். வருடம் முழுவதும் அச்சகத்தில் தூங்கிய புத்தகங்கள் டிசம்பரில் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். விமர்சகர் வீட்டு வாசலில் கூரியர் குவியும். பஸ்ஸில் ஒன்று, படுக்கையில் ஒன்று, கிண்டிலில் ஒன்று என்று மூன்றை ஒரே சமயத்தில் படிப்பார்கள். "காட்சி முடியறதுக்குள்ள ஒரு பதிவு போட்டுருங்க" என்று பதிப்பகத்திலிருந்து அன்பான நச்சரிப்பு வேறு. அந்த அவசரத்தில் முதல் அறுபது பக்கமும் பின்னட்டையும் படித்துவிட்டு எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு வேலை கொடுப்பது பெரும்பாலும் அந்த அவசரம்தான்.

அவதூறு பற்றி முதலில் பார்த்துவிடலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவாக இருந்தது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. தண்டனை இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. இந்தக் குற்றப் பிரிவு அரசியல் சாசனப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. ஆனால் அதே பிரிவில் விதிவிலக்குகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கிட்டத்தட்ட புத்தக விமர்சகருக்காகவே எழுதியது. பொதுமக்களின் தீர்ப்புக்கு முன்வைக்கப்பட்ட ஒரு படைப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது. புத்தகம் வெளியிடுகிறவர் அதைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு வைக்கிறார் என்று சட்டமே உதாரணம் தருகிறது.

அதோடு நிற்கவில்லை. 1860-ன் தண்டனைச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வரும் இரண்டு உதாரணங்களை நான் வருகிறவர்களிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். இசட் என்பது எழுத்தாளருக்குச் சட்டம் வைத்த கற்பனைப் பெயர். முதலாவது: "இசட்டின் புத்தகம் அசட்டுத்தனமானது, இசட் ஒரு பலவீனமான ஆளாகத்தான் இருக்க வேண்டும். இசட்டின் புத்தகம் ஆபாசமானது, இசட்டின் மனசும் அழுக்காகத்தான் இருக்க வேண்டும்." இது குற்றமில்லை. இரண்டாவது: "இசட்டின் புத்தகம் அசடாகவும் ஆபாசமாகவும் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் அவர் பலவீனமானவர், ஒழுக்கம் கெட்டவர்." இதற்கு விதிவிலக்கு கிடையாது. முதலாவதில் புத்தகத்தைப் படித்து ஆளைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார். இரண்டாவதில் ஆளைப் பற்றி வெளியே கேள்விப்பட்டதைப் புத்தகத்தின் தலையில் ஏற்றுகிறார்.

நம் ஊர் வழக்கில் சொன்னால், "இந்த நாவலில் பெண்கள் எல்லோரும் அழுவதற்கென்றே வருகிறார்கள், எழுதியவருக்குப் பெண்களையே தெரியாது போல" என்று தாராளமாக எழுதலாம். "இவர் ஆபீசில் பெண்களிடம் எப்படி நடந்துகொள்வார் என்று எனக்குத் தெரியும், நாவல் இப்படித்தான் இருக்கும்" என்று எழுதினால் அது விமர்சனத்தை விட்டு வெளியே போய்விட்டது. அந்த வாக்கியத்தை நீங்கள் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிவரும்.

"திருட்டுக் கதை" என்ற சொல்லிலும் கவனம் தேவை. அது கருத்து மாதிரி ஒலிக்கும், ஆனால் ஒரு செயலைச் சுமத்துகிறது. சந்தேகம் இருந்தால் இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்த வருடம் என்று போடுங்கள். ஒற்றுமை கண்ணில் படுகிறது என்று சொல்லி நிறுத்துங்கள். படிக்கிறவர்கள் விவரமானவர்கள்.

மேலே 'நல்லெண்ணத்தோடு' என்று வந்ததே, அதில்தான் பழக்கம் நுழைகிறது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்ததை நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சட்டம் ஏற்காது. பாதி படித்துவிட்டு முழுப் புத்தகத்தையும் கிழித்தவர் இந்த இடத்தில் திணறுவார். பாதியில் விட்டால் பாதியில் விட்டேன் என்று எழுதிவிடுவது உத்தமம். அதுவும் ஒரு விமர்சனம்தான், சில புத்தகங்களுக்கு அதுவே போதும்.

ஒரு கட்சிக்காரர் பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இடப் பக்கம் பக்க எண், வலப் பக்கம் பென்சிலில் குறிப்பு. "37: அம்மா இறந்துவிட்டார். 112: அம்மா காபி போடுகிறார், நினைவோட்டம் இல்லை." பக்கம் பக்கமாக இப்படியே போனது. நாவலாசிரியரின் புகார், தன் மேல் இருந்த சொந்தப் பகையில் எழுதிய விமர்சனம் என்பது. எங்கள் பதில் நோட்டீஸில் அந்தப் பக்க எண்களை வரிசையாகப் போட்டு, எதிர்க்கட்சி வக்கீலும் தயவுசெய்து புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினோம். அப்புறம் அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. நோட்டை வீசிவிடாதீர்கள், பழைய பேப்பர்காரருக்கும் போட்டுவிடாதீர்கள்.

நோட்டீஸ் வந்தால் அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு "பாருங்கள் கருத்துச் சுதந்திரத்தை" என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். போடாதீர்கள். பின்னூட்டத்தில் உங்கள் நண்பர்கள் எழுத்தாளரைப் பற்றி எழுதப்போவது உங்கள் விமர்சனத்தைவிட மோசமாக இருக்கும், நாளைக்கு எல்லாம் ஒரே கோப்பில் வரும். பயந்துபோய்ப் பதிவை உடனே அழிக்கவும் வேண்டாம். தேதி, இணைப்பு, பின்னூட்டம் எல்லாம் தெரியும்படி ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம். நோட்டீஸ் என்பது இன்னும் வழக்கு ஆகவில்லை. அதில் கொடுத்த கெடுவுக்குள் நிதானமாக ஒரு பதில் போனால், பல விவகாரங்கள் அங்கேயே அடங்கிவிடும்.

அடுத்து, சும்மா வந்த புத்தகம். தமிழ்ப் பத்திரிகைகளில் 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று அறிவிப்புப் போடுவது பழைய வழக்கம். மதிப்புரை எழுத முடியாதவற்றுக்கு 'வரப்பெற்றோம்' என்று ஒரு பட்டியல் வரும். அதனால் புத்தகம் பதிப்பகத்திடமிருந்து வந்தது என்று வாசகருக்குத் தெரியும், யாரும் மறைக்கவில்லை. இப்போது ரீல்ஸில் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு நாவலைப் பார்க்கிறவருக்கு அது கடையில் வாங்கியதா, கூரியரில் வந்ததா, கூடவே ஜிபேயில் பணமும் வந்ததா என்று தெரிய வழியில்லை. சட்டம் கேட்பது அந்த ஒரு தகவலைத்தான்.

விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலான ஆஸ்கி 2021-ல் சமூக ஊடகப் பிரபலங்களுக்கென்று விதிமுறை கொண்டுவந்தது. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டு நெறிகளையும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் எளிய கையேட்டையும் வெளியிட்டன. பணம் மட்டும் கணக்கில்லை. இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, இணைப்பு வழியே வாங்கினால் வரும் கமிஷன், உறவு, வேலைத் தொடர்பு எல்லாமே சொல்ல வேண்டியவை. எந்த மொழியில் பேசுகிறோமோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும், ஹேஷ்டேக் கும்பலுக்கு நடுவில் ஒளித்து வைக்கக் கூடாது. தவறான விளம்பரத்துக்குத் துணை போனால் முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நட்பையும் உறவையும் கறாராகப் பார்த்தால் தமிழில் பாதி மதிப்புரைக்கு லேபிள் ஒட்ட வேண்டியிருக்கும், அது வேறு கதை.

இருநூற்றைம்பது ரூபாய்ப் புத்தகத்துக்காக ஆணையம் உங்கள் கதவைத் தட்டும் என்று நான் பயமுறுத்தவில்லை. பணம் வாங்கிக்கொண்டு, தானாக ஆசைப்பட்டுப் படித்ததுபோலப் பேசும் காணொளிகள்தான் என் கவலை. 'இந்தப் புத்தகம் பதிப்பகம் அனுப்பியது' என்று முதல் வரியில் ஒரு வாக்கியம் போட்டால் யாருடைய மரியாதையும் குறையாது. (எங்கள் தொழிலில் பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தையே தடுக்கிறது. உங்களுக்கு ஒரு வரியோடு வேலை முடிகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.)

மேற்கோள் விஷயத்துக்கு வருவோம். பத்து சதவீதம் வரை எடுக்கலாம், முந்நூறு சொல் வரை எடுக்கலாம் என்று உலவுகிற எண்கள் எதுவும் 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தில் இல்லை. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் கையாளலாம் என்று 52-வது பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். எது நியாயம்? 1996-ல் ஒரு நாடக வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்த்தது: உங்கள் கருத்தோடு ஒப்பிட்டால் எடுத்த பகுதியின் அளவும் மதிப்பும் என்ன, எதற்காக எடுத்தீர்கள், மூலத்துக்கு அது போட்டியாக வருமா. ஒரு பத்தியை எடுத்து அதைப் பற்றி மூன்று பத்தி பேசினால் தைரியமாக இருக்கலாம். பத்துப் பக்கத்தைப் போட்டுவிட்டு "அடடா, என்ன எழுத்து!" என்று முடித்தால் சிக்கல்.

யூடியூபில் கதை வாசிக்கிறவர்களுக்கு இது நேரடியாகவே பொருந்தும். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் சிறுகதையை முழுசாக வாசிப்பது விமர்சனம் ஆகாது, அனுமதி வேண்டும். "நான் வாசிக்கலை சார், சொந்த வார்த்தைல கதையச் சொல்றேன்" என்று ஒருவர் வாதாடினார். ஒரு படைப்பைச் சுருக்கித் தருவதும் சட்டத்தின் கண்ணில் தழுவல்தான், அந்த உரிமையும் எழுத்தாளருக்கே. கதையின் போக்கைச் சொல்லி அலசுவது ஒன்று, நாவலை முதல் அத்தியாயத்திலிருந்து கிளைமாக்ஸ் வரை ஒப்பிப்பது இன்னொன்று. தொண்ணூறு நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் யூடியூப் சேனலையே மூடிவிடலாம். எழுத்தாளருக்கு முதலில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பல பேர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், அந்தப் பதில் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாளர் இறந்து அறுபது வருடம் கழிந்தால் காப்புரிமை முடிகிறது. அரசு நாட்டுடைமை ஆக்கியவற்றையும் யாரும் எடுத்தாளலாம். பாரதியின் எழுத்துகளை 1949-லேயே அரசு வாங்கிவிட்டது. ஆனால் அதே பாரதி கவிதைக்குப் போன வருடம் ஒருவர் எழுதிய உரையும் முன்னுரையும், புதிதாக வரைந்த அட்டை ஓவியமும் அவரவர் சொத்து. இதைக் கவனிக்காமல் பதிப்பின் பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்து போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

வெளியீட்டுக்கு முன் விமர்சகருக்கு வரும் புத்தக பி.டி.எஃப். பற்றிச் சுருக்கமாக: "ஒரே ஒரு ஃப்ரெண்டுக்குத்தான் அனுப்பினேன்" என்பது நான் அடிக்கடி கேட்கும் வாக்குமூலம். அந்த ஃப்ரெண்டுக்கும் ஒரு ஃப்ரெண்ட், அவருக்கு ஒரு டெலிகிராம் குழு. பல பதிப்பகங்கள் ஒவ்வொரு பிரதியிலும் பெறுகிறவர் பெயரைப் பதித்து அனுப்புகின்றன. அதோடு எழுத்தாளர் பெயர், உரிமையாளர் பெயர் போன்ற உரிமை விவரங்களைத் தெரிந்தே அழிப்பது காப்புரிமைச் சட்டத்தின் 65பி பிரிவின்படி தனிக் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை உண்டு.

இவ்வளவும் விமர்சகர் மேல் வரும் புகார்கள். விமர்சகருக்கும் உரிமை இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. நீங்கள் எழுதிய மதிப்புரை உங்கள் படைப்பு, பதிவு செய்யாமலே காப்புரிமை உங்களுடையது. ஒருவர் ஒரு நாவலைப் பற்றி "முதல் ஐம்பது பக்கம் விறுவிறுப்பு, அப்புறம் கொட்டாவி" என்று எழுதியிருந்தார். இரண்டாம் பதிப்பின் பின்னட்டையில் அவர் பெயரோடு "விறுவிறுப்பு!" என்று மட்டும் அச்சாகி வந்தது. அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. படைப்பைத் திரித்து எழுதியவரின் பெயருக்குக் கேடு செய்தால் கேட்கும் உரிமையை 57-வது பிரிவு தருகிறது. ஒரு கடிதத்திலேயே விஷயம் முடிந்தது, அடுத்த அச்சில் அந்த ஒற்றைச் சொல் காணாமல் போனது.

கடைசியாகக் கணக்கு. ஒரு நிறுவனம் தொழில் தொடர்பாக ஒருவருக்கு வருடத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால் பத்து சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் இருக்கிறது. புத்தகங்கள் மட்டும் என்றால் அந்த அளவைத் தொடுவது கஷ்டம். கூடவே கிண்டில், இலக்கிய விழாவுக்கு விமான டிக்கெட், ஓட்டல் அறை என்று சேர்ந்தால் சீக்கிரம் தொட்டுவிடும். வந்த பார்சலைத் தேதி, அனுப்பியவர், விலை என்று அதே கோடு போட்ட நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வையுங்கள், மார்ச் மாதம் உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர் வேலை.