யுஎஸ்எம் வைஃபை கோலாலம்பூரிலும் கிடைக்கும்: எடுரோம் விளக்கம்

குளுகோரில் ஓர் அக்கா கேட்டார். மகள் பினாங்கில் உள்ள யுஎஸ்எம்மில், அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், படிக்கிறாள். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு இரண்டு நாள் வேலை. "டேட்டா போட்டு அனுப்பட்டுமா தம்பி?"

"வேண்டாம் அக்கா, அவளுக்கு அங்கேயும் இணையம் இருக்கு" என்றேன். அவர் நம்பவே இல்லை. மாணவர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

சொந்தப் பல்கலைக்கழகத்தின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்தே, இதில் சேர்ந்த மற்ற பல்கலைக்கழகங்களின் வைஃபையையும் பயன்படுத்தலாம். இந்த ஏற்பாட்டின் பெயர் எடுரோம். ஐரோப்பாவில் தொடங்கி இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. மலேசியாவில் இதைப் பார்த்துக்கொள்வது, பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் இணைக்க 2005-இல் வந்த மைரென் வலையமைப்பு.

அந்த மகள் கோலாலம்பூர் நூலகத்தில் மடிக்கணினியைத் திறந்ததும் வைஃபை பட்டியலில் எடுரோம் தெரியும். அங்குள்ள சர்வர் அவளுடைய பயனர் பெயரில் அட் குறிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் பார்க்கிறது. 'இவள் பினாங்குப் பிள்ளை' என்று புரிந்துகொண்டு, நாட்டின் பொது சர்வர் வழியாக யுஎஸ்எம்முக்குக் கேள்வி அனுப்புகிறது. அங்கிருந்து 'எங்கள் மாணவிதான்' என்று பதில் வந்ததும் இணைப்பு கிடைக்கிறது. சரியாக அமைத்திருந்தால் கடவுச்சொல் உறையிட்ட கடிதம் மாதிரி போகும். நடுவில் யாரும் படிக்க முடியாது.

இதைக் கிளம்புவதற்கு முன், சொந்த வளாகத்திலேயே அமைத்துவிட வேண்டும். பயனர் பெயரை அட் குறியோடு முழுதாகக் கொடுங்கள். பாதியோடு விட்டால் சொந்த வளாகத்தில் வேலை செய்தாலும் வெளியே போனதும் படுத்துவிடும். அப்புறம், எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்ற தேர்வைக் கைப்பேசி காட்டினால் அதைத் தொடவே தொடாதீர்கள். அதே பெயரில் போலி வைஃபை வைத்துக் கடவுச்சொல்லைத் திருட முடியும். உங்கள் கணினி மையம் தரும் அமைப்புக் கோப்பையே பயன்படுத்துங்கள்.

சரி, இத்தனை இருந்தும் விடுதியில் ஏன் வைஃபை தவழ்கிறது? கூரையில் தெரியும் வெள்ளை வைஃபை பெட்டி கடைசிக் கண்ணி மட்டுமே. அதற்குப் பின்னால் கேபிள், சுவிட்ச், மின்சாரம், சர்வர் என்று ஒரு வரிசையே இருக்கிறது. 200 பேர் உட்காரும் விரிவுரை மண்டபத்தில் ஆளுக்கு ஒரு கைப்பேசி, ஒரு மடிக்கணினி என்றால் 400 கருவிகள். ஒரே பெட்டியின் அலைவரிசையை அத்தனையும் பங்கு போட வேண்டும். வெளியிலிருந்து வரும் இணைப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த நெரிசல் தீராது. பெட்டிகளும் கேபிளும் அதிகமாக வேண்டும். என்னைக் கேட்டால் முதல் பணம் விடுதிக்கும் படிப்பு அறைக்கும்தான் போக வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வேலையை அனுப்பத் தவிக்கும் பிள்ளைகளில் பலருக்கு வேறு இணைப்பு வாங்க வசதி இல்லை.

புகார் செய்யும்போது 'வைஃபை மோசம்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மாடி, எந்த அறை, எத்தனை மணி, எந்தக் கருவி, திரையில் என்ன வந்தது, எல்லாம் சொன்னால்தான் பழுது எங்கே என்று தேட முடியும். முதலில் கணினி மையத்தின் உதவி மேசை. பொதுப் பல்கலைக்கழகமாக இருந்து பதில் வரவில்லை என்றால், அரசின் சிஸ்பா புகார் முறையில் பதியலாம்.

வீட்டுப் பக்கமும் ஓர் உரிமை உண்டு. வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு என்று 2,500 ரிங்கிட் வரை கோரலாம். பிள்ளைக்கு வாங்கிய கணினி, கைப்பேசி, புத்தகம், வீட்டு இணையக் கட்டணம் எல்லாம் சேர்ந்துதான் இந்த வரம்பு. 2,500 ரிங்கிட்டும் கையில் திரும்பி வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வரிக்கு உட்படும் வருமானத்தில் அது கழியும். 11 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவருக்கு மிச்சமாவது 275 ரிங்கிட். இணைய பில் வரி கட்டுபவரின் பெயரிலேயே இருக்கட்டும். ரசீதுகளை ஏழு ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள்.