சிக்னலில் நின்றால் மட்டும் ஹீட் ஏறும் பழைய கார்

பைபாஸில் எண்பதில் போகும்போது பாதியைத் தாண்டாத டெம்பரேச்சர் முள், ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றதும் மடமடவென்று சிவப்புக்கு ஏறுகிறது என்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான் வர வேண்டும். வண்டி ஓடும்போது முன்னால் இருந்து அடிக்கும் காற்றே ரேடியேட்டருக்குப் போதும், நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறினால் மட்டும் ஹீட் ஆகிறதா? அப்போது ஃபேனைக் குடைந்து பிரயோஜனமில்லை, அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் வால்வ் (எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் கதவு) பக்கம் போங்கள்.

அம்பாசிடர், பத்மினி காலத்தில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. எஞ்சின் நீளவாக்கில் இருந்ததால் பெல்ட்டே ஃபேனையும் சுற்றியது, பெல்ட் சரியாக இருந்தால் ஃபேனும் சரி. 1983-ல் வந்த மாருதி 800-ல் எஞ்சின் குறுக்கே படுத்துவிட்டது, புல்லி பக்கவாட்டைப் பார்க்கிறது. அதனால் ஃபேனுக்குத் தனி கரண்ட் மோட்டார். கூடவே ஃபியூஸ், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைச் சேர்க்கும் சுவிட்ச்), சூட்டில் இயங்கும் சுவிட்ச், எர்த் வயர் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) என்று ஒரு சங்கிலி வந்தது. இதில் எந்தக் கண்ணி விட்டாலும் ஃபேன் நின்றுவிடும்.

மூளை அந்தச் சுவிட்ச்தான். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சின்னத் தகடு. சூடேறினால் ஒன்று அதிகமாக விரியும், மற்றது குறைவாக விரியும், ஒரு கட்டத்தில் தகடு டிக்கென்று வளைந்து தொடர்பைச் சேர்த்துவிடும். வண்டிக்கு வண்டி மாறினாலும் ஏறத்தாழ 95 டிகிரியில் சேர்ந்து 90-ல் பிரியும் என்று வைத்துக்கொள்ளலாம், பல சுவிட்சுகளின் மேலேயே எண்ணைப் பொறித்திருப்பார்கள்.

கழற்றத் தொடங்கும் முன் கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) இருக்கிறதா என்று பாருங்கள், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. மூடி தாங்கும் அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 115 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கலாம், சூட்டோடு திறந்தால் அழுத்தம் போன அந்த நொடியே நீராவியாக முகத்தில் அடிக்கும். கூலன்ட் குறைந்த வண்டியில் சுவிட்சின் முனை காற்றில் தொங்கும், காற்று அவ்வளவு சூட்டைக் கடத்தாது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க ஃபேன் சும்மா நிற்கும், பழி சுவிட்ச் மேல் விழும். அதேபோல் மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று அர்த்தம். ரேடியேட்டருக்கே சூடு வராதபோது அதன் அடியில் இருக்கும் சுவிட்ச் எப்படிச் சேரும்?

இதெல்லாம் சரி என்றால் சங்கிலியை நடுவில் வெட்டிப் பாருங்கள். இக்னிஷனைப் போட்டு, சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள் (ஒற்றை வயர் என்றால் பெரும்பாலும் எர்த்தில் தொட வேண்டும்). கையும் துணியும் ஃபேன் பக்கம் போகவே கூடாது. ஃபேன் சுற்றினால் மோட்டார், ரிலே, ஃபியூஸ் எல்லாம் நல்லவை, கோளாறு சுவிட்சில். சுற்றவில்லை என்றால் ஃபியூஸைப் பார்த்துவிட்டு, ரிலேயில் விரலை வையுங்கள், டிக் என்று தட்டினால் அதன் உள்ளே இருக்கும் காந்தச் சுருள் (காயில்) வேலை செய்கிறது. கம்ப்யூட்டர் வைத்து ஃபேனை ஓட்டும் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டிகளில் மட்டும் சென்சார் வயரை இப்படி ஷார்ட் செய்யாதீர்கள், அங்கே கதை வேறு.

அடுத்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மோட்டார் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது, ஃபேன் சுற்றவில்லை, "மோட்டார் போச்சு" என்று புதிதாக வாங்கிவிடுகிறார்கள். மீட்டர் இழுப்பது மைக்ரோ ஆம்பியர் கணக்கில். பச்சை பூத்த எர்த் முனையும், ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் அவ்வளவு கரண்டைத் தாராளமாக விடும். மோட்டாருக்கு வேண்டியதோ எட்டு, பத்து ஆம்பியர். களிம்பால் வெறும் அரை ஓம் தடை வந்தாலே மூன்று நான்கு வோல்ட் அங்கேயே சூடாகப் போய்விடும். அதனால் மோட்டாருக்குப் பதில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை அந்தக் கனெக்டரில் மாட்டிப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால்தான் கரண்ட் உண்மையிலேயே வருகிறது, மங்கினால் வயரிலோ எர்த்திலோ கோளாறு. ஃபேன் சுமாராகச் சுற்றும் வண்டியில், ஓடும்போதே மோட்டாரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதி நோய் தீரும்.

மோட்டாரே குற்றவாளி என்றால் அதுவும் அடையாளம் காட்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றினால் இறுகியிருக்கும், அது புஷ் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்). கரண்ட் இருக்கும்போது மரப்பிடியால் மோட்டார் உடம்பில் லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்கும், அது தேய்ந்த கார்பன் (உள்ளே சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை). புது மோட்டார் போட்டதும் ரேடியேட்டருக்கு முன்பக்கம் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். அது உள்பக்கமாக ஒட்ட வேண்டும். வயர் மாறிப்போனால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, வரும் காற்றை எதிர்த்துத் தள்ளும்.

சுவிட்சை அடுப்பிலேயே சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், அடியில் தொடாமல் கம்பியில் தொங்கும் சுவிட்ச், பீப் மோடில் மீட்டர். 95-ஐ நெருங்கும்போது மீட்டர் கத்த வேண்டும். ஊட்டியில் இருப்பவர்களுக்கு இது கைகொடுக்காது, அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும்.

"டைரக்ட் பண்ணிடலாம் சார்" என்று சுவிட்சைத் தூக்கிப் போட்டு, சாவி போட்டதும் ஃபேன் ஓடுகிற மாதிரி செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கார்பன் ஓயாமல் தேயும், ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் திணறும், ரிலே இல்லாமல் இழுத்த மெல்லிய வயர் உருகும். இதோடு தெர்மோஸ்டாட்டையும் பிடுங்கிவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே வராது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் சேரும் ஈரமும் வெளியேறாது. சுவிட்சை மாற்ற ஆகும் செலவு ஒரு ஹெட் கேஸ்கெட் (ஹீட் ஏறினால் பழுதாகும் எஞ்சின் சீல்) வேலைக்குப் பக்கத்தில்கூட வராது. நடுவழியில் ஃபேன் நின்றால் ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் ப்ளோயரோடு ஓட விடுங்கள், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அப்படியும் முள் ஏறினால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.