துணைச் சுற்றுக்காவல் கப்பல்: இதில் சொகுசு எங்கே இருக்கிறது?

உலகப் போர்க்காலக் கடற்சண்டைகளைப் பற்றித் தமிழில் வரும் எழுத்துகளில் "ஆயுதமேந்திய வணிகச் சொகுசுக் கப்பல்" என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. போர்க்காலத்தில் பீரங்கி பூட்டிக் கடற்படைப் பணிக்கு அனுப்பப்பட்ட பயணிகள் கப்பலைக் குறிக்கும் ‘ஆர்ம்டு மெர்ச்சன்ட் குரூசர்’ என்பதன் மொழிபெயர்ப்பாம். சுற்றுலாவுக்குப் போகும் ‘குரூஸ்’ கப்பலையும் கடற்படையின் ‘குரூசர்’ கப்பலையும் ஒன்றெனக் கருதியதால் வந்த வினை இது.

‘குரூசர்’ டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். சிலுவையையும் குறுக்காகச் செல்வதையும் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ஒரு கடற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து திரியும் போர்க்கப்பலுக்குப் பெயராயிற்று. உல்லாசப் பயணம் என்ற பொருள் அதே வேரில் பின்னால் முளைத்த கிளை. சொற்பிறப்புக்கு இவ்வளவு போதும்.

இந்தக் கப்பல்கள் செய்த வேலையைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். ‘ராவல்பிண்டி’ 1925-இல் கடலில் இறக்கப்பட்டு, பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்துக்காக லண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே ஓடிய பயணிகள் கப்பல். 1939 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துக்கொண்டு, இரண்டு புகைபோக்கிகளில் பின்னதை அகற்றி, பழைய ஆறங்குலப் பீரங்கிகள் எட்டைப் பொருத்தி, ஐஸ்லாந்தை ஒட்டிய கடற்பகுதிக்கு அனுப்பியது. ஜெர்மனிக்குத் திரும்பும் சரக்குக் கப்பல்களை வழிமறிப்பதே அதற்கு இடப்பட்ட பணி. அக்டோபரில் அது ‘கோன்சென்ஹைம்’ என்ற ஜெர்மானிய எண்ணெய்க் கப்பலை மறித்தபோது, பிடிபடுவதைவிட மூழ்குவதே மேல் என்று அதன் மாலுமிகளே கப்பலை மூழ்கடித்தார்கள். இது சுற்றுக்காவலே தவிர வேறென்ன?

‘சொகுசு’ தவறென்று ஒப்புக்கொள்பவர்கள் அடுத்து முன்வைப்பது ‘விரைவுக் கப்பல்’. இது நாகரிகமான தவறு என்பதால்தான் அதிகக் கேடு செய்கிறது. வேகம் குரூசருக்கு வேண்டிய பண்புகளுள் ஒன்றுதான்; அதன் இலக்கணம் அன்று. வேகமே அளவுகோல் என்றால் ‘டெஸ்ட்ராயர்’ என்னும் நாசகாரிக் கப்பல்களுக்கே அந்தப் பெயர் முதலில் போக வேண்டும். அதைவிட, 1939 நவம்பர் 23 அன்று ராவல்பிண்டியை எதிர்கொண்ட ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் என்ற இரண்டு ஜெர்மானியப் போர்க்கப்பல்களும் மணிக்கு முப்பது கடல்மைலுக்கு மேல் ஓடக்கூடியவை. பதினோரங்குலப் பீரங்கிகளைக் கொண்டவை. ராவல்பிண்டியோ பதினேழு கடல்மைலைத் தாண்டத் திணறும் பழைய கப்பல். ஓய்விலிருந்து திரும்ப அழைக்கப்பட்டிருந்த தலைவர் எட்வர்ட் கென்னடி சரணடைய மறுத்துச் சுட்டார். ஒரு மணி நேரத்துக்குள் சண்டை முடிந்தது. ராவல்பிண்டியில் இருந்தவர்களில் 238 பேர் மாண்டனர். அந்தக் கப்பலை "விரைவுக் கப்பல்" என்று எழுதினால், தப்பி ஓடியிருக்கலாமே என்று வாசகர் கேட்பார். ஓட முடியாததே அந்தச் சண்டையின் துயரம். அதை மறைக்கிற சொல் எவ்வளவு தூய தமிழாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

‘ஆயுதமேந்திய’ என்பதும் இங்கே பொருந்தாது. ஏந்துவது கையின் செயல். காவலர் ஆயுதம் ஏந்துவார், கப்பலில் பீரங்கி பூட்டப்படும். வெறும் ‘துணைக் கப்பல்’ என்றால் எண்ணெயும் கரியும் சுமந்து செல்லும் கப்பல்கள் நினைவுக்கு வருகின்றன. ‘ரோந்துக் கப்பல்’ கரையோரப் படகின் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது.

ஆகவே ‘துணைச் சுற்றுக்காவல் கப்பல்’ என்பேன். முதன்முறை வரும் இடத்தில் ‘பீரங்கி பூட்டிய பயணிகள் கப்பல்’ என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். இத்தகைய கப்பல்களுக்கு ஜெர்மானியர் வழங்கிய ‘ஹில்ஃப்ஸ்க்ரோய்சர்’ என்ற சொல்லிலும் முன்பாதிக்குத் துணை என்பதுதான் பொருள். 1914-இல் சென்னையைச் சுட்டுத் தமிழுக்கு ஒரு வசைச்சொல்லையும் தந்துவிட்டுப் போன ‘எம்டன்’ உண்மையான குரூசர். அது அதே ஆண்டு ஆகஸ்டில் பிடித்த ‘ரியாசான்’ என்ற ரஷ்யப் பயணிகள் கப்பலுக்குச் சீனாவில் ஜெர்மனி வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்தில் பீரங்கி பூட்டி, ‘கோர்மோரான்’ என்று பெயர் சூட்டினார்கள். ஒன்று பிறவிக் குரூசர், மற்றது துணை; ‘துணை’ என்ற முன்னொட்டு வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. ஜெர்மானியர் இவற்றை வணிகக் கப்பல்களை வேட்டையாடவே அனுப்பியதால் ‘காவல்’ சற்று இடிக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கடலைச் சுற்றித் திரிந்து இரை தேடுதல் இரு தரப்புக்கும் பொது. அந்த இடிப்பும் பிடிக்காதவர்கள் ‘துணைக் குரூசர்’ என்றே எழுதலாம். சொகுசைவிட அது எவ்வளவோ மேல்.

அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் பழக்கம் இந்தச் சொல்லோடு நிற்கவில்லை. மாலுமிகள் அனைவரையும் சேர்த்துச் சொல்லும் ‘ஷிப்ஸ் கம்பெனி’ தமிழில் ‘கப்பல் நிறுவனம்’ ஆகிவிட்டால், ராவல்பிண்டியோடு மூழ்கியது பி அண்ட் ஓ என்றல்லவா படிப்பவர் நினைப்பார்!