பிரேக்குக்கு கிரீஸ் வேண்டும், கியருக்கு வேண்டாம்

பழைய இங்கிலாந்து சைக்கிள்கள் சிலவற்றில் பின்சக்கர ஹப், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி, வெறும் குண்டு டப்பா மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த டப்பாவுக்குள் மூன்று கியரும், பெடலைப் பின்னால் அழுத்தினால் பிடிக்கிற ஒரு பிரேக்கும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். நாட்டிங்ஹாமில் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர் எஸ்3சி அப்படிப்பட்ட ஒன்று. என்னிடம் இருப்பது 1970-களில் வந்தது. இந்தக் கம்பெனியின் ஹப்களில் தயாரித்த ஆண்டை வெளி ஓட்டின் மேலேயே குத்தியிருப்பார்கள், அழுக்கைத் துடைத்தால் தெரியும்.

முதலில் கியர். அச்சோடு ஒட்டி அசையாமல் நிற்பது 20 பல் உள்ள சூரியச் சக்கரம். அதைச் சுற்றி ஓடுபவை கோள் சக்கரங்கள், அவற்றை வெளியே வளைத்துப் பிடிப்பது 60 பல் வளையம். கோள்களைத் தாங்கும் கூண்டைச் செயின் சுழற்றி, வளையம் ஹப்பை இழுத்துப்போனால் சக்கரம் 1.33 மடங்கு வேகமாகச் சுற்றும். அதையே மாற்றி, வளையத்தைச் செயின் சுழற்றி, கூண்டு ஹப்பை இழுத்தால் 0.75 மடங்கு. மேட்டுக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று, நடுவில் நேர் கியர். அதே பற்கள்தான், சக்தி எந்த வழியாக நுழைகிறது என்பது மட்டும்தான் மாறுகிறது, இது எனக்கு இன்றைக்கும் அலுக்காத விஷயம்.

இழுக்கும் வேலையைச் செய்பவை நகக்கண் அளவே உள்ள எஃகு நாக்குகள். ஒவ்வொன்றின் பின்னாலும் தலைமுடி போல மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சைக்கிள் ஓடும்போது கேட்கும் டிக் டிக் சத்தம் இவை பற்களின் மேல் ஏறி விழுவதுதான். ஸ்பிரிங்குக்கு வலு மிகக் குறைவு என்பதால் இங்கே கெட்டி கிரீஸ் வைத்தால் நாக்கு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை நான் நல்லது என்று நினைத்து உள்ளே முழுக்க கிரீஸை அப்பிவிட்டேன், மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது பெடல் சட்டென்று வெற்றாகச் சுற்றி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. நாக்குகளுக்கும் கோள்களுக்கும் மெல்லிய இன்ஜின் ஆயில் சில சொட்டு போதும்.

பிரேக்கின் கதை நேர் எதிர். பின்னால் மிதித்தால் ஒரு கூம்பு திருகுமரையில் இடப்பக்கம் நகர்ந்து, உலோகப் பட்டையை விரித்து ஓட்டின் உள்சுவரில் அழுத்தும். உலோகத்தோடு உலோகம் உரசும் இடம் அது. காய்ந்திருந்தால் கீச்சிடும், சிராய்த்துப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளவும் கூடும். அதனால் வெப்பம் தாங்கும் கிரீஸ் அங்கே கட்டாயம். பிரேக்கில் கிரீஸா என்று எவருக்கும் முதலில் மனசு ஒப்பாது, ஆனால் இந்த பிரேக்கே அப்படித்தான் வடிவமைத்தது. கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1970-களில் பழைய சைக்கிள்களில் மலையிறங்கியவர்களின் ஹப்பில் கிரீஸ் புகையாகிப் போகும், கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதைச் சொல்லும் 'ரீபேக்' என்ற வார்த்தையே அந்தப் பாதைக்குப் பெயராகிவிட்டது, 1976 முதல் அங்கே பந்தயமும் நடந்தது.

சரி, பிரிப்பதற்கு முன் ஒன்று. வலப்பக்கம் ஓட்டுக்குள் திருகியிருக்கும் பெரிய வளையத்துக்கு (60 பல் வளையம் அல்ல, இது வேறு) இரட்டை மரை, இரண்டு இடத்தில் தொடங்கலாம். வளையத்திலும் ஓட்டிலும் நேருக்கு நேர் கீறல் போட்டுவிட்டுக் கழற்றுங்கள், திரும்ப அதே தொடக்கத்தில் ஏற்றவில்லை என்றால் ரிம் ஒரு பக்கம் தள்ளிப் போகும். உள்ளே பழைய எண்ணெய் வேப்பம்பிசின் மாதிரி இறுகியிருக்கும், மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறட்டும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், அந்த ஸ்பிரிங் தெறித்தால் தரையில் தேடி எடுப்பது பெரும்பாடு.

மாட்டும்போது பால்ஸ் ஓடும் இடத்துக்கு கிரீஸ், பிரேக் பட்டைக்கும் கூம்புக்கும் வெப்பக் கிரீஸ், நாக்குகளுக்கு எண்ணெய். அச்சின் இரு முனையிலும் பால்ஸைப் பிடித்திருக்கும் கோன்களை இறுக்கி அடைத்துவிடாதீர்கள். ரிம்மைப் பிடித்து அசைத்தால் துளி ஆட்டம் தெரிய வேண்டும், ஹப்பில் தெரியக் கூடாது. கடைசியாக, பிரேக்கின் எதிர்விசையைத் தாங்கும் இடப்பக்க இரும்புக் கையை ஃபிரேமில் கிளிப் போட்டு இறுக்குங்கள். அது கழன்றிருந்தால் பிரேக் அடித்ததும் கையோடு சேர்ந்து அச்சும் திரும்பப் பார்க்கும். முன்சக்கரத்தில் ஒரு கைபிரேக் இல்லாமல் இந்த சைக்கிளில் நான் தெருவுக்குப் போவதில்லை.